நொதியங்களும் உயிரியல் மாமூலக்கூறுகளும் – வடிவத்தைப் பிடித்தால் விடை வரும்



க.பொ.த. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் "நொதியம்" என்னும் பகுதியைப் பலரும் இரண்டு வரிகளில் மனனம் செய்துவிட்டுக் கடந்து செல்வதுண்டு. "நொதியம் ஓர் உயிரியல் ஊக்கி. அது புரதத்தால் ஆனது." இவ்விரு வரிகளும் சரியானவையே. ஆனால் வினாத்தாளில் "ஏன்?", "காரணம் தருக", "விளக்குக" என்று கேட்கப்படும்போது இவ்விரு வரிகள் மாத்திரம் போதமாட்டா. குளிரூட்டப்பட்ட நொதியமும் கொதிக்கவைக்கப்பட்ட நொதியமும் தொழிற்படாமல் இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே காரணத்தை எழுதிப் புள்ளிகளை இழப்பவர்கள் பலர். இக்கட்டுரை அந்த "ஏன்" என்னும் வினாவுக்கு விடை காண உங்களுக்கு உதவும். எல்லா விடைகளும் ஒரே கருத்திலிருந்து பிறப்பதைக் காண்பீர்கள். அக்கருத்து: மூலக்கூறின் வடிவம்.

1. மாமூலக்கூறு என்றால் என்ன?

நீர் மூலக்கூறொன்றில் மூன்று அணுக்கள் மாத்திரமே உள்ளன. குளுக்கோசு மூலக்கூறில் 24 அணுக்கள் உள்ளன. ஆனால் மாப்பொருள், புரதம், நியூக்கிளிக்கமிலம் ஆகியவற்றின் ஒரு மூலக்கூறில் ஆயிரக்கணக்கான அணுக்கள் இருக்கலாம். சிறிய அலகுகள் பல ஒன்றோடொன்று இணைந்து நீண்ட சங்கிலியாவதாலேயே இவை உருவாகின்றன.

• மாப்பொருள், கிளைக்கோசன், செலுலோசு – அலகு: குளுக்கோசு
• புரதம் – அலகு: அமினோவமிலம் (புரதங்களை ஆக்குவதில் பொதுவாக 20 வகைகள் பங்குகொள்கின்றன)
• நியூக்கிளிக்கமிலம் – அலகு: நியூக்கிளியோரைட்டு

கொழுப்பு மூலக்கூறு கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் சேர்ந்து உருவானது. எனினும் அது ஒரே வகை அலகு திரும்பத் திரும்ப இணைந்த நீண்ட சங்கிலி அன்று என்பதை நினைவிற் கொள்க.

இரண்டு அலகுகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அதே பிணைப்பை உடைக்க ஒரு நீர் மூலக்கூறு தேவைப்படும். இதனாலேயே சமிபாட்டுத் தாக்கங்கள் "நீர்ப்பகுப்பு" எனப்படுகின்றன. உணவு சமிபாடடைதல் என்பது சங்கிலியை மீண்டும் அலகுகளாக்குதல் என ஒரே வசனத்தில் எழுதலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாப்பொருளும் செலுலோசும் குளுக்கோசினாலேயே ஆனவை. ஆயினும் நாம் சோற்றைச் சமிபாடடையச் செய்கின்றோம். வைக்கோலைச் செய்ய முடிவதில்லை. குளுக்கோசு அலகுகள் இணைந்துள்ள விதம் இரண்டிலும் வேறுபடுகின்றது. மாப்பொருளின் சங்கிலி சுருளாக வளைகின்றது. செலுலோசின் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளுடன் ஐதரசன் பிணைப்புகளால் இறுகி, நாராகின்றது. அலகு ஒன்றே, வடிவம் வேறு, ஆகவே தொழிலும் வேறு.

2. புரதம் எவ்வாறு வடிவம் பெறுகின்றது?

அமினோவமிலங்கள் பெப்தைட்டுப் பிணைப்புகளால் வரிசையாக இணைகின்றன. இப்பிணைப்பு வலிமையான பங்கீட்டுவலுப் பிணைப்பாகும். ஆனால் சங்கிலி நூல் போல நீண்டு கிடப்பதில்லை. அது மடிந்து, சுருண்டு, குறித்த ஒரு முப்பரிமாண வடிவத்தைப் பெறுகின்றது. அந்த மடிப்பைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் நலிந்த விசைகளே:

• ஐதரசன் பிணைப்புகள்
• நேரேற்றமும் மறையேற்றமும் கொண்ட பகுதிகளுக்கிடையிலான கவர்ச்சி
• நீரை விரும்பாத பகுதிகள் நீரிலிருந்து விலகி உட்புறமாக ஒதுங்குதல்

சில புரதங்களில் இரண்டு கந்தக அணுக்களுக்கிடையே உண்டாகும் வலிமையான பிணைப்பும் மடிப்பை இறுக்குகின்றது. ஆனால் ஓர் ஐதரசன் பிணைப்பின் வலிமை, சாதாரண பங்கீட்டுவலுப் பிணைப்பொன்றின் வலிமையில் பத்திலொரு பங்கிலும் குறைவு. தனித்தனியே நலிந்த இவை, பல சேர்ந்து புரதத்தின் வடிவத்தைக் காக்கின்றன. தென்னந்தும்பு ஒன்றைக் கையால் அறுக்கலாம். பல தும்புகள் திரிந்த கயிற்றை அறுக்க முடியாது. அதுபோலவே இதுவும்.

இதிலிருந்து ஒரு முக்கிய முடிவு வருகின்றது. வெப்பமேற்றும்போது முதலில் விட்டுப்போவது நலிந்த பிணைப்புகளே. பெப்தைட்டுப் பிணைப்புகள் உடைவதில்லை. அவித்த முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பையூரேற்றுச் சோதனை செய்தால் அப்போதும் ஊதா நிறம் தோன்றும். அச்சோதனை காட்டுவது பெப்தைட்டுப் பிணைப்புகளையே. ஆகவே முட்டையை அவிக்கும்போது புரதம் அமினோவமிலங்களாக உடையவில்லை. அதன் வடிவம் மாத்திரமே குலைந்துள்ளது. இவ்வாறு வடிவம் குலைதலை இயல்பிழத்தல் என்போம்.

அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 124 அமினோவமிலங்களைக் கொண்ட ரைபோநியூக்கிளியேசு என்னும் நொதியத்தை இரசாயனப் பொருள்கள் மூலம் விரியச் செய்தார். அது தொழிற்பாட்டை இழந்தது. அப்பொருள்களை அகற்றியபோது சங்கிலி தானாகவே மீண்டும் மடிந்து தொழிற்பாட்டைப் பெற்றது. வடிவத்துக்குரிய கட்டளை அமினோவமில வரிசையிலேயே அடங்கியுள்ளது என்பதை இது காட்டியது. இதற்காக அவர் 1972இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவித்த முட்டையில் இவ்வாறு நிகழ்வதில்லை. ஏனெனில் விரிந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடுகின்றன.

3. நொதியம் செய்வது என்ன?

ஒரு தாக்கம் நிகழ்வதற்குத் தாக்கிகள் முதலில் ஒரு குறித்த அளவு சக்தியைப் பெற வேண்டும். அதுவே ஏவற்சக்தி. மலையின் இருபுறமும் இரண்டு ஊர்கள் உள்ளன எனக் கொள்வோம். மலையேறி இறங்கிச் செல்பவர் சிலரே. மலையினூடாகச் சுரங்கப் பாதை வெட்டினால் பலரும் விரைவாகச் செல்வர். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வழி மாத்திரமே மாறியது. நொதியமும் அவ்வாறே ஏவற்சக்தி குறைந்த வேறொரு வழியைத் தருகின்றது. தாக்கிகளின் சக்தியையோ விளைவுகளின் சக்தியையோ அது மாற்றுவதில்லை.

உதாரணம்: ஐதரசன் பரவொட்சைட்டு நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிகையுறும். ஊக்கியின்றி இதற்கு மூலொன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோயூல் ஏவற்சக்தி தேவை. ஆகையால் போத்தலில் உள்ள கரைசல் மிக மெதுவாகவே பிரிகையுறுகின்றது. அதனுள் சிறிதளவு மங்கனீசீரொட்சைட்டுத் தூளை இட்டால் குமிழ்கள் விரைவாக வெளிவரும். ஒரு துண்டு ஈரலை இட்டாலும் நுரை பொங்கும். ஈரற் கலங்களில் உள்ள கற்றலேசு என்னும் நொதியமே இதற்குக் காரணம். ஒரு கற்றலேசு மூலக்கூறு ஒரு செக்கனில் இலட்சக்கணக்கான ஐதரசன் பரவொட்சைட்டு மூலக்கூறுகளைப் பிரிகையுறச் செய்ய வல்லது. எங்கள் கலங்களில் உண்டாகும் இந்த நச்சுப்பொருள் தேங்காமல் இருப்பது இதனாலேயே.

"நொதியங்கள் புரதங்களே" என்பதும் எளிதில் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை அன்று. 1897இல் ஜேர்மனியரான எட்வார்ட் புக்னர், மதுவக் கலங்களை அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள கலம் எதுவும் இல்லாமலே வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் கண்டார். 1926இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர், அவரை இனமொன்றின் விதையிலிருந்து யூரியேசு நொதியத்தைப் பளிங்காகப் பிரித்தெடுத்து அது புரதம் எனக் காட்டினார். அக்காலத்திற் பலர் இதை நம்பவில்லை. 1946இல் அவருக்கு நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. பின்னர் சில ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் ஊக்கிகளாகத் தொழிற்படுவது தெரியவந்தது. ஆகவே "நொதியங்களுள் மிகப் பெரும்பாலானவை புரதங்கள்" என்பதே மிகச் சரியான கூற்றாகும்.

4. பூட்டும் திறப்பும்

நொதியம் தாக்கும் பொருள் கீழ்ப்படை எனப்படும். நொதியத்தின் மேற்பரப்பில் கீழ்ப்படை பொருந்தும் குழி போன்ற பகுதி உயிர்ப்பு மையம் எனப்படும். 1894இல் எமில் பிஷர் இவ்விரண்டின் பொருத்தத்தைப் பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிட்டார்.

நொதியம் + கீழ்ப்படை → நொதியம்–கீழ்ப்படைச் சிக்கல் → நொதியம் + விளைவுகள்

இச்சமன்பாட்டின் இறுதியில் நொதியம் மாறாமல் மீண்டும் வருவதைக் கவனியுங்கள். சிறிதளவு நொதியம் பெருமளவு கீழ்ப்படையை மாற்ற முடிவது இதனாலேயே.

1958இல் டானியல் கோஷ்லண்ட் இம்மாதிரியைச் சற்றுத் திருத்தினார். கீழ்ப்படை வந்து சேரும்போது உயிர்ப்பு மையமும் சிறிது வளைந்து அதற்கேற்ப இறுகுகின்றது என்பது அவர் கருத்து. கையை நுழைக்கும்போது கையுறை வடிவம் கொள்வதை ஒத்தது இது. சாதாரண தரத்துக்குப் பூட்டு–திறப்பு மாதிரியே போதுமானது. எனினும் நொதியம் விறைப்பான ஒரு கல் அன்று என்பதை அறிந்திருப்பது நன்று.

தனித்துவத்துக்கு அடுக்களையிலேயே ஓர் உதாரணம் உண்டு. பச்சை அன்னாசித் துண்டுகளை ஜெலற்றின் ஜெலியில் இட்டால் ஜெலி இறுகாது. அன்னாசியிலுள்ள புரோமெலெயின் என்னும் நொதியம் ஜெலற்றின் என்னும் புரதத்தை அறுத்துவிடுகின்றது. ஆனால் கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகர் கொண்டு செய்த ஜெலி அதே அன்னாசியுடன் இறுகும். அகர் ஒரு காபோவைதரேற்று; புரதம் அன்று. புரதத்துக்குரிய உயிர்ப்பு மையத்தில் அது பொருந்துவதில்லை. தகரத்தில் அடைத்த அன்னாசி ஜெலற்றினையும் குலைப்பதில்லை. ஏன் என்பதை நீங்களே சிந்தியுங்கள். விடை அடுத்த பகுதியில் உள்ளது.

5. வெப்பநிலையின் தாக்கம்

வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகளின் இயக்கசக்தி கூடுகின்றது. நொதியமும் கீழ்ப்படையும் அடிக்கடி மோதுகின்றன. ஏவற்சக்தியைத் தாண்டக்கூடிய மூலக்கூறுகளும் கூடுகின்றன. பொதுவாக ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் தாக்க வீதம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் நலிந்த பிணைப்புகள் விட்டுப்போய் உயிர்ப்பு மையம் உருக்குலைகின்றது. அப்போது வீதம் சடுதியாக வீழ்கின்றது. வீதம் உச்சமாக உள்ள வெப்பநிலையே சிறப்பு வெப்பநிலை. மனித உடலின் பல நொதியங்களுக்கு இது 37 பாகையை அண்மித்தது.

தகரத்தில் அடைக்கப்படும் அன்னாசி வெப்பமேற்றப்படுகின்றது. அதன் புரோமெலெயின் இயல்பிழந்துவிட்டது. மேலே கேட்ட வினாவுக்கு இதுவே விடை.

செயற்பாடு: வெப்பநிலையும் அமிலேசும்

தேவையானவை: ஐதான மாப்பொருட் கரைசல், நீரால் ஐதாக்கிய உமிழ்நீர், அயடீன் கரைசல், சோதனைக் குழாய்கள், வெண்பீங்கான் ஓடு, பனிக்கட்டி, நீர்த்தொட்டி.

(அ) குழாய் 1: உமிழ்நீரையும் மாப்பொருட் கரைசலையும் தனித்தனியே பனிக்கட்டி நீரிற் குளிரவைத்துக் கலந்து, அங்கேயே வைக்க.
(ஆ) குழாய் 2: இரண்டையும் 37 பாகைக்குக் கொண்டுவந்து கலந்து, அவ்வெப்பநிலையில் வைக்க.
(இ) குழாய் 3: உமிழ்நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மாப்பொருளுடன் கலந்து 37 பாகையில் வைக்க.
(ஈ) குழாய் 4: உமிழ்நீருக்குப் பதிலாக நீரை இட்டு 37 பாகையில் வைக்க. இது கட்டுப்பாடு.

இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு துளி எடுத்து, ஓட்டிலுள்ள அயடீன் துளியுடன் சேர்க்க.

அவதானம்: குழாய் 2இன் துளி சிறிது நேரத்தின் பின் கருநீலமாக மாறுவதில்லை, அயடீனின் கபில மஞ்சள் நிறமே இருக்கும். மற்றைய மூன்றிலும் கருநீல நிறம் தோன்றும்.

இத்துடன் நிறுத்திவிடாதீர்கள். இப்போது குழாய் 1ஐ 37 பாகை நீர்த்தொட்டிக்கு மாற்றுங்கள். சிறிது நேரத்தின் பின் அதிலும் கருநீலம் தோன்றாமற் போகும். குழாய் 3ஐ எவ்வளவு நேரம் வைத்தாலும் மாற்றமில்லை. குளிரில் நொதியம் பழுதடையவில்லை. மூலக்கூறுகளின் இயக்கம் குறைந்ததால் தொழிற்பாடு மந்தமாயிற்று. கொதிப்பில் வடிவமே குலைந்துவிட்டது. முதலாவது மீளக்கூடியது, இரண்டாவது மீளாதது. மீனைக் குளிரூட்டியில் வைத்து நாட்கணக்கிற் காப்பதும், வெளியே எடுத்தபின் அது மீண்டும் பழுதடையத் தொடங்குவதும் இதே காரணத்தாலாகும்.

ஒரு முன்னெச்சரிக்கை: சூடான துளியை அயடீனுடன் சோதிக்க வேண்டாம். மாப்பொருட் சங்கிலியின் சுருளுக்குள் அயடீன் சென்று அமர்வதாலேயே கருநீலம் தோன்றுகின்றது. சூட்டில் அச்சேர்க்கை நிலைப்பதில்லை. மாப்பொருள் இருந்தும் நிறம் மங்கலாம்; நீங்கள் "மாப்பொருள் இல்லை" எனத் தவறாக முடிவு செய்யலாம்.

6. பீ.எச். பெறுமானத்தின் தாக்கம்

புரதத்தின் மடிப்பில் ஏற்றமுள்ள பகுதிகள் பங்குகொள்கின்றன எனப் பார்த்தோம். அமிலமோ காரமோ சேர்க்கப்படும்போது அவ்வேற்றங்கள் மாறுகின்றன, கவர்ச்சிகள் குலைகின்றன, உயிர்ப்பு மையமும் மாறுகின்றது. ஆகவே ஒவ்வொரு நொதியத்துக்கும் சிறப்பான ஒரு பீ.எச். பெறுமானம் உண்டு.

• உமிழ்நீர் அமிலேசு – ஏறத்தாழ 7
• பெப்சின் (இரைப்பை) – ஏறத்தாழ 2
• திரிப்சின் (சிறுகுடல்) – ஏறத்தாழ 8

வாயில் தொடங்கிய மாப்பொருட் சமிபாடு இரைப்பையில் ஏன் தடைப்படுகின்றது என்பது இப்போது விளங்கும். இரைப்பையின் ஐதரோகுளோரிக்கமிலம் அமிலேசின் வடிவத்தைக் குலைக்கின்றது. அதே அமிலம் பெப்சினுக்கு உகந்த சூழலைத் தருகின்றது. வெட்டிய கத்தரிக்காய் காற்றுப்பட்டுக் கபில நிறமாவது நொதியத் தாக்கமே. அதன்மேல் தேசிக்காய்ச் சாறு தெளித்தால் நிறமாற்றம் குறைவதற்குப் பீ.எச். பெறுமானம் தாழ்தலும் ஒரு காரணமாகும்.

7. கீழ்ப்படையின் செறிவு

நொதியத்தின் அளவை மாறாமல் வைத்துக் கீழ்ப்படையின் செறிவைக் கூட்டினால் தாக்க வீதம் முதலில் கூடும். பின்னர் மாறாமல் நிற்கும். பேருந்து நிலையத்தில் ஐந்து ரிக்கற் யன்னல்கள் மாத்திரமே உள்ளன எனில், ஐந்துக்கும் ஆட்கள் நிற்கும் வரையே வேலை வேகம் கூடும். அதன்மேல் வரிசை நீளுமேயன்றி வேகம் கூடாது. உயிர்ப்பு மையங்கள் யாவும் நிரம்பிய நிலையும் இதுவே. வரைபில் கோடு கிடையாவதற்குக் காரணம் கேட்டால் "நொதியம் முடிந்துவிட்டது" என எழுதாதீர்கள். "உயிர்ப்பு மையங்கள் யாவும் கீழ்ப்படையால் நிரம்பிவிட்டன" என எழுதுங்கள்.

8. புள்ளிகளை இழக்கச் செய்யும் வசனங்கள்

பிழை: கொதிக்கவைத்தபோது நொதியம் இறந்தது.
சரி: நொதியம் இயல்பிழந்தது. (நொதியம் உயிரி அன்று, ஆகவே இறப்பதில்லை.)

பிழை: குளிரில் நொதியம் அழிந்தது.
சரி: குளிரில் நொதியத்தின் தொழிற்பாடு குறைந்தது.

பிழை: நொதியம் தாக்கத்துக்குச் சக்தியைக் கொடுக்கின்றது.
சரி: நொதியம் தாக்கத்தின் ஏவற்சக்தியைக் குறைக்கின்றது.

பிழை: வெப்பத்தால் புரதம் அமினோவமிலங்களாக உடைந்தது.
சரி: வெப்பத்தால் புரதத்தின் முப்பரிமாண வடிவம் குலைந்தது.

9. மாதிரி வினா

மாப்பொருட் கரைசலுடன் அமிலேசு சேர்க்கப்பட்டபின், அயடீன் கருநீலமாக மாறாதிருக்க எடுத்த நேரம் பின்வருமாறு எனக் கொள்க:

20 பாகை – 12 நிமிடம்
30 பாகை – 6 நிமிடம்
40 பாகை – 3 நிமிடம்
50 பாகை – 5 நிமிடம்
80 பாகை – கருநீலம் மறையவில்லை

(1) எவ்வெப்பநிலையில் தாக்க வீதம் உயர்வானது?
(2) 20 பாகையிலிருந்து 30 பாகைக்குச் செல்லும்போது வீதம் எத்தனை மடங்காகின்றது?
(3) 80 பாகையில் பெற்ற பேற்றுக்குக் காரணம் தருக.
(4) இவ்வமிலேசின் சிறப்பு வெப்பநிலை சரியாக 40 பாகை எனக் கூறலாமா?

விடைகள்

(1) 40 பாகை. நேரம் மிகக் குறைந்த இடத்தில் வீதம் மிகக் கூடியது.
(2) வீதம் நேரத்துக்கு நேர்மாறு விகிதசமமானது. நேரம் 12இலிருந்து 6 ஆகக் குறைந்ததால் வீதம் இரு மடங்காகின்றது.
(3) உயர் வெப்பநிலையில் அமிலேசு இயல்பிழக்கின்றது. உயிர்ப்பு மையத்தின் வடிவம் மாறுவதால் மாப்பொருள் அதனுடன் பொருந்துவதில்லை.
(4) கூற முடியாது. 30 பாகைக்கும் 50 பாகைக்கும் இடையில் 40 பாகை மாத்திரமே சோதிக்கப்பட்டுள்ளது. சரியான பெறுமானத்தை அறிய அவ்வெல்லைக்குள் சிறிய இடைவெளிகளில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

நான்காவது வினாவைக் கவனமாக நோக்குங்கள். தரவு சொல்வதற்கு மேலாக ஒன்றையும் சொல்லாதிருப்பதும் விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.

10. நீங்களே முயன்று பாருங்கள்

(1) இறைச்சியை மென்மையாக்கப் பப்பாசிக்காய் சேர்க்கப்படுகின்றது. காயை முன்னரே நன்கு அவித்துச் சேர்த்தால் பயன் கிடைக்குமா? காரணம் தருக.
(2) மேற்படி செயற்பாட்டில் குழாய் 4 இல்லாவிடின் எதை உறுதியாகக் கூற முடியாது?
(3) ஈரற் துண்டொன்றை ஐதரசன் பரவொட்சைட்டில் இட்டு, நுரை அடங்கிய பின் மேலும் புதிய கரைசலை ஊற்றினால் யாது நிகழும்? இதிலிருந்து நொதியத்தின் எந்த இயல்பு புலனாகும்?

விடை எழுதமுன் ஒவ்வொரு தடவையும் உங்களை நீங்களே கேட்க வேண்டிய வினா ஒன்றுதான்: இங்கே உயிர்ப்பு மையத்தின் வடிவத்துக்கு என்ன நேர்ந்தது? வடிவம் மாறவில்லையெனில் மோதல்களைப் பற்றி அல்லது செறிவைப் பற்றி எழுதுங்கள். மாறியதெனில் இயல்பிழத்தலைப் பற்றி எழுதுங்கள்.